தோற்றவர் பெயர் காத்த கோயில்



பழந்தமிழ்ப் பாட்டிலே பேர்பெற்ற ஊர்கள் பல. அவற்றுட் சில எங்கே இருந்தன என்று இன்றும் ஆராய்ந்துகொண்டிருக்கிறோம். சில கடல்கொண்டு போயின. இன்னுஞ் சில, பெயரை மாற்றிக்கொண்டு, அதே மண்ணிலே சனங்கள் வாழும் ஊர்களாய் இருக்கின்றன. இந்த மூன்றாவது வகையைச் சேர்ந்த ஓர் ஊரைப்பற்றியும் அங்குள்ள சிவன்கோயிலைப்பற்றியும் இன்று சில வார்த்தைகள் பேசலாமென எண்ணுகிறேன். தமிழ்நாட்டின் சிவகங்கை மாவட்டத்திலே உள்ள காளையார்கோயில்தான் அது. சங்கப் புலவர் அதனைக் கானப்பேர் என்றனர். தேவாரம் பாடியோர் திருக்கானப்பேர் என்றனர். பாண்டி நாட்டிலுள்ள பாடல்பெற்ற தலங்கள் பதினான்கனுள் அதுவும் ஒன்று.

இவ்வூருக்கு ஒரு தனிச் சிறப்புண்டு. சங்க காலத்தில் ஒருமுறை அது போரிலே வீழ்ந்தது. ஆங்கிலேயர் காலத்தில் இருமுறை வீழ்ந்தது. முதலில் வீழ்ந்தபோது புலவனின் பாட்டு வென்றவன் பக்கத்திலே நின்றது. கடைசியில் வீழ்ந்தபோதோ சனங்களின் பாட்டு தோற்றவர் பக்கத்துக்கு வந்துவிட்டது. இந்த மாற்றம் எவ்வாறு நேர்ந்தது, அதிலே கோயிலுக்கு என்ன பங்கு என்பதே எனது பேச்சின் பொருள்.

முதலிலே புறநானூற்றுக்குப் போவோம். அதன் 21ஆம் பாட்டு ஐயூர் மூலங்கிழார் பாடியது. பாடப்பட்டவன் பாண்டியன் உக்கிரப்பெருவழுதி. கானப்பேர்க் கோட்டையை வென்றமையாற் கானப்பேரெயில் கடந்தவன் என்ற அடைமொழி அவனுக்கு உண்டாயிற்று. சாதாரண மன்னனல்லன் அவன். உருத்திரசன்மரைக்கொண்டு அகநானூற்றைத் தொகுப்பித்தவன் அவனே என்பது மரபு.

அந்தப் பாட்டிலே கோட்டை நம் கண்முன் எழுந்து நிற்கிறது. பாதாளம்வரை ஆழ்ந்த அகழி, வானைத் தொடும் மதில், விண்மீன் பூத்தாற்போல் மதிலின்மேல் ஞாயில்கள், வெயிலும் நுழையாதபடி மரம் செறிந்த காவற்காடு. இத்தனையுமிருந்தும் கோட்டை விழுந்தது. அதை இழந்தவன் வேங்கைமார்பன் என்ற குறுநில மன்னன். அவன் நாள்தோறும் இரங்குகிறானாம். என்ன சொல்லி இரங்குகிறான்? கொல்லன் தீயிலே காய்ச்சிய இரும்பு தண்ணீரை உண்டுவிட்டால் அந்தத் தண்ணீரை மீட்கமுடியுமா? அதைவிட அரிது எனது கோட்டையை மீட்பது என்று இரங்குகிறான். உன்னை இகழ்ந்தோர் தம் புகழோடு சேர்ந்தே மாயட்டும், உன் வேல் புகழோடு விளங்கட்டும் என்று பாண்டியனை வாழ்த்திப் புலவர் பாட்டை முடிக்கிறார்.

உயர்தர வகுப்பிலே இப்பாட்டைக் கற்பித்தபோது ஒரு மாணவன் எழுந்து, "சேர், வேங்கைமார்பனுக்குப் பிறகு என்ன நடந்தது?" என்று கேட்டான். நல்ல கேள்வி. ஆனால் பாட்டு அதைச் சொல்லவில்லை. உவமையின் நயத்தையும் திணை துறையையும் விளக்கிவிட்டு நாம் அடுத்த பாட்டுக்குப் போய்விடுகிறோம். தோற்றவன் பெயரோடு நின்றுவிடுகிறான். அந்தப் பெயரும் எஞ்சியது வென்றவனைப் புகழவேண்டி அதை எடுத்துரைத்ததனாலேயே.

இனித் தேவாரத்துக்கு வருவோம். திருஞானசம்பந்தரும் சுந்தரரும் இத்தலத்துக்குப் பதிகம் பாடியிருக்கிறார்கள். சுந்தரர் பாடிய வரலாறு சுவையானது. சேரமான் பெருமாளோடு பாண்டி நாட்டுத் தலங்களை வழிபட்டுவந்த சுந்தரர் திருச்சுழியலிலே தங்குகிறார். இரவு கனவிலே இறைவன் ஓர் இளங்காளையின் வடிவில், கையிலே பொற்செண்டும் தலையிலே சுழியமுமாகத் தோன்றி, யாமிருப்பது கானப்பேர் என்று சொல்லி மறைகிறான். இதைச் சேக்கிழார் கழறிற்றறிவார் புராணத்திலே கூறுகிறார். சுந்தரர் பதிகம் முழுவதும், அந்தக் காளையை என்று காண்பேனோ என்ற ஏக்கமாகவே அமைந்திருக்கிறது. காளை உறையும் கோயில் என்பதனாற் பின்னர் ஊருக்கே காளையார்கோயில் என்ற பெயர் வழங்கலாயிற்று.

ஈண்டு ஒன்றைக் கவனிக்கவேண்டும். எயில் என்று புலவர் பாடிய ஊரைச் சுந்தரர் பாடும்போது கோட்டையைப்பற்றிய பேச்சே இல்லை. அதைப் பிடித்தவனும் இல்லை, இழந்தவனும் இல்லை. கைப்பற்றவேண்டிய இடமாயிருந்தது காணவேண்டிய இடமாகிவிட்டது.

மதுரைக்குப் போயிருந்த சமயம் ஒருநாள் நானும் இத்தலத்தைத் தரிசித்தேன். மதுரையிலிருந்து சிவகங்கை ஊடாகப் பஸ்ஸிலே அறுபது எழுபது கிலோமீற்றர் தூரம். வழி நெடுகிலும் வறண்ட பூமி, நீரைத் தேக்கும் கண்மாய்கள், இடையிடையே நமக்குப் பழக்கமான பனைகள், எங்கும் பரந்து கிடக்கும் சீமைக்கருவேல். வெயில் நுழையாத காடு என்று புலவர் பாடினாரே, அந்தக் காட்டைத் தேடிய கண்ணுக்கு வெயில்தான் அகப்பட்டது.

ஊரை அணுகும்போது இரண்டு கோபுரங்கள் தெரிகின்றன. ஒன்று ஐந்து நிலைகளைக் கொண்டது. பாண்டியர் காலத்தைச் சார்ந்தது. மற்றது ஒன்பது நிலைகளுடன் நூற்றைம்பது அடிக்குமேல் உயர்ந்தது. மருது பாண்டியர் கட்டியது. உள்ளே ஈசனுக்கு மூன்று சந்நிதிகள். சொர்ணகாளீசுவரர், சோமேசுவரர், சுந்தரேசுவரர் என்பன திருநாமங்கள். சொர்ணவல்லி, சௌந்தரநாயகி, மீனாட்சி என்று அம்பிகையரும் மூவர். ஒரே மதிலுக்குள் மூன்று கோயில்களைக் கும்பிட்ட மனநிறைவு உண்டாகிறது. ஆனைமடு என்ற பெரிய திருக்குளமும் உண்டு. ஐராவதம் வெட்டியது என்பது புராணம்.

அந்தப் பெரிய கோபுரத்தின் கீழே நிற்பவனுக்குப் பதினெட்டாம் நூற்றாண்டு நினைவுக்கு வராமற் போகாது. 1772ஆம் ஆண்டு யூன் 25ஆந் திகதி, ஆர்க்காட்டு நவாபுக்காகத் திறை வசூலிக்க வந்த ஆங்கிலக் கம்பனிப் படை காளையார்கோயிலைத் தாக்கியது. சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதத் தேவர் அந்தப் போரிலே மாண்டார். அவருடைய அரசி வேலுநாச்சியார் மகளுடன் தப்பி, திண்டுக்கல்லை அடுத்த விருப்பாச்சியிலே புகலடைந்தார். ஐதர் அலியின் துணையோடு 1780இல் மீண்டுவந்து சிவகங்கையைக் கைக்கொண்டார். கூடவே நின்றவர்கள் பெரிய மருது, சின்ன மருது என்ற சகோதரர் இருவர். முக்குளம் என்ற கிராமத்திலே பிறந்தவர்கள். அரச குலத்தவரல்லர். மன்னரிடம் ஊழியஞ்செய்ய வந்து, படை நடத்தி, ஈற்றிலே நாட்டையே நடத்தும் பொறுப்புக்கு உயர்ந்தவர்கள்.

கோபுரம் எழுந்தது இந்த இடைக்காலத்திலேதான். அதற்கான செங்கற்கள் மானாமதுரையிலே சுடப்பட்டனவென்றும், அங்கிருந்து காளையார்கோயில்வரை சனங்கள் வரிசையாய் நின்று கைமாற்றிக் கைமாற்றியே அவற்றைக் கொண்டுவந்து சேர்த்தனரென்றும் ஒரு செவிவழிக் கதை உண்டு. மானாமதுரை மண்பாண்டத்துக்குப் பேர்போன ஊர். கதை எவ்வளவு உண்மையோ, அந்தக் கோபுரத்திலே தங்கள் கை பட்டிருக்கிறது என்று சனங்கள் நம்பினார்கள் என்பது முழு உண்மை. மருதிருவர் சிவன்கோயிலோடு நின்றுவிடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். சருகணியிலுள்ள கிறித்தவத் தேவாலயத்துக்கும் அவர்கள் மானியம் அளித்திருக்கிறார்கள்.

1801ஆம் ஆண்டு வருகிறது. பாஞ்சாலங்குறிச்சிக் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டு ஓராண்டு கடந்துவிட்டது. பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய அவன் தம்பி ஊமைத்துரை, பாஞ்சாலங்குறிச்சி மறுபடியும் வீழ்ந்தபின், மருதிருவரிடம் வந்து அடைக்கலம் புகுந்தான். அவனுக்கு இடங்கொடுப்பது கம்பனியோடு போரைத் தேடிக்கொள்வது என்று தெரிந்தே அவர்கள் இடங்கொடுத்தார்கள்.

அவ்வாண்டு யூன் 16ஆந் திகதி திருச்சிராப்பள்ளிக் கோட்டையில் நவாபின் அரண்மனை வாயிலிலும், திருவரங்கம் கோயில் மதிலிலும் ஓர் அறிக்கை ஒட்டப்பட்டிருந்தது. மருது பாண்டியன் பெயரால் வெளியானது அது. திருச்சிப் பிரகடனம் என்றும் சம்புத்தீவுப் பிரகடனம் என்றும் வழங்குவர். எல்லாச் சாதியாரையும், முஸ்லிம்களையும், வெள்ளையரின் கீழே சிப்பாய் வேலை பார்ப்போரையும் விளித்து அது பேசுகிறது. நவாபு இடங்கொடுத்ததனால் வெள்ளையர் நாட்டைத் தமதாக்கிக்கொண்டனர், உங்களுக்குள் ஒற்றுமை இல்லாமையாலே இது நேர்ந்தது என்று இடித்துரைக்கிறது. எழுதியவன் தன்னை அரசன் என்று சொல்லிக்கொள்ளவில்லை. அரசர்களின் ஊழியன் என்றே ஒப்பமிடுகிறான். இலக்கியம் படிப்போர் இதைக் கவனிக்கவேண்டும். மெய்க்கீர்த்தியும் தானசாசனமும் பொறிக்கும் கோயில் மதிலிலே, ஓர் ஊழியன் நாட்டு மக்கள் யாவரையும் நோக்கி எழுதிய கடிதம் ஏறியிருக்கிறது. வரலாற்றாசிரியர் கே. ராஜய்யன் 1971இல் வெளியிட்ட நூலில் இந்த 1800, 1801 கிளர்ச்சியையே முதலாவது சுதந்திரப் போர் என்று குறித்தார். 1857இல் வடக்கே நடந்ததற்கு அரை நூற்றாண்டுக்கு முந்தியது இது.

நமக்கும் இதிலே ஒரு தொடர்புண்டு. 1795, 1796ஆம் ஆண்டுகளில் ஒல்லாந்தரிடமிருந்து திருகோணமலையையும் யாழ்ப்பாணத்தையும் கொழும்பையும் கைப்பற்றியது சென்னையிலிருந்த இதே கம்பனியின் படைதான். 1798வரை நமது கரையோரங்கள் சென்னையிலிருந்தே ஆளப்பட்டன. ஒரே கை இரு கரையையும் பற்றிய காலம் அது.

கேணல் அக்னியூ தலைமையில் வந்த படை காளையார்கோயிலை எளிதில் நெருங்க முடியவில்லை. சங்கப் புலவர் பாடிய காவற்காடு அப்போதும் இருந்தது. சிறுவயலிலிருந்து காட்டை வெட்டிப் பாதை திறக்க ஒரு மாதம்போல் முயன்றுவிட்டு, அந்த வேலையைக் கைவிட்டார்கள். கோடரியாற் பிளக்க முடியாததை வேறு வழியாற் பிளந்தார்கள். சிவகங்கை அரச மரபிலே உரிமை கோரிய ஒருவரைச் செப்டெம்பர் மாதம் சோழபுரத்திலே சமீன்தாராக முடிசூட்டினார்கள். அதனாற் சனங்களின் விசுவாசம் இரண்டுபட்டது. பலர் மருதுவை விட்டு விலகினர். ஒக்டோபர் முதலாந் திகதி, காட்டு வழிகள் அறிந்தோரின் துணையோடு, படை பல முனைகளில் நுழைந்து காளையார்கோயிலைப் பிடித்தது. ஒக்டோபர் 24ஆந் திகதி மருதிருவரும் திருப்பத்தூரிலே தூக்கிலிடப்பட்டார்கள். நவம்பரிலே ஊமைத்துரையும் பாஞ்சாலங்குறிச்சியில் தூக்கிலிடப்பட்டான்.

இந்த முடிவைப்பற்றி இரண்டு வகையான செய்திகள் உண்டு. மக்கள் சொல்வது ஒன்று. மருதிருவர் சரணடையாவிட்டாற் காளையார்கோயிற் கோபுரத்தைத் தகர்ப்போம் என்று வெள்ளையர் அறிவித்தனராம். தாம் கட்டிய கோபுரம் விழக்கூடாதென்று அவர்கள் தாமாகவே வந்து தம்மை ஒப்புக்கொடுத்தனராம். ஆவணங்கள் சொல்வது வேறு. அவர்கள் காட்டிலே வேட்டையாடப்பட்டார்கள், தலைக்கு விலை வைக்கப்பட்டது, காயப்பட்ட நிலையிலே பிடிபட்டார்கள் என்று அவை கூறும். காட்டிக்கொடுத்தவர்களும் தேடிப் பிடித்தவர்களும் அந்த மண்ணின் சனங்களே.

ஆசிரியன் இவற்றுள் எதைச் சொல்லிக் கொடுப்பது? இரண்டையும் சொல்லவேண்டும் என்பது என் கருத்து. ஆவணம் நடந்ததைச் சொல்கிறது. கதை, நடந்ததைத் தாங்கமுடியாத மனத்தைச் சொல்கிறது. நம்மவரே காட்டிக்கொடுத்தார்கள் என்பதைச் சனங்களாற் பொறுக்க முடியவில்லை. ஆகவே பிடிபட்டதைக் கொடையாக மாற்றிவிட்டார்கள். கதையிலே அன்பிருக்கிறது, வெட்கமும் இருக்கிறது. கதையை மட்டும் சொன்னால் அந்த வெட்கம் மறைந்துபோகும். ஒற்றுமையில்லை என்று பிரகடனம் இடித்துரைத்ததே, அதன் பொருளும் விளங்காமற் போகும். ஆவணத்தை மட்டும் சொன்னால் அன்பு மறைந்துபோகும்.

தோற்றவர் முகம் வென்றவர் ஏட்டிலும் ஓரிடத்திலே தெரிகிறது. அந்தப் போரிலே பங்குகொண்ட ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கில அதிகாரி 1830இல் வெளியிட்ட தம் போர் நினைவுகளிலே மருதிருவரைப்பற்றி எழுதியிருக்கிறார். போருக்குச் சில ஆண்டுகள் முன்னர் அவர்களோடு நட்பாயிருந்தவர் அவர். சின்ன மருதுதான் அவருக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் பழக்கியவர். காவலாளர் இல்லாத திறந்த அரண்மனையிலே, யாரும் வந்து பேசக்கூடியவராகச் சின்ன மருது இருந்தாரென்றும், பெரிய மருது வேட்டையிலே காலங்கழித்த பெருவலி படைத்தவரென்றும் அவர் சொல்கிறார்.

அதனினும் உருக்கமானது துரைசாமியின் கதை. சின்ன மருதுவின் மகன். கைதானபோது அவனுக்குப் பதினைந்து வயது. 1802 பெப்ரவரியிலே தூத்துக்குடியிலிருந்து எழுபதுக்கு மேற்பட்டோர் பினாங்குத் தீவுக்குக் கப்பலேற்றப்பட்டனர். அவர்களுள் இவனும் ஒருவன். அந்தக் கைதிகளுக்குத் தூத்துக்குடியிலே காவலிருந்தவர் வெல்ஷ். 1818இல் வெல்ஷ் பினாங்குக்குப் போனபோது தளர்ந்து நலிந்த ஒரு கிழவன் அவர் முன்னே வந்து நின்றானாம். யார் என்று கேட்டால், துரைசாமி என்று பதில் வந்ததாம். அப்போது அவனுக்கு வயது முப்பதைச் சற்றே தாண்டியிருக்கும். வேங்கைமார்பனுக்குப் பிறகு என்ன நடந்தது என்பதைப் புறநானூறு சொல்லவில்லை. மருதுவின் மகனுக்கு என்ன நடந்தது என்பது பகைவன் கையெழுத்திலேயே பதிவாகியிருக்கிறது.

காளையார்கோயிலுக்கு மீண்டும் வருவோம். தூக்கிலிடப்பட்ட மருதிருவரின் தலைகள் அவர்களின் விருப்பப்படியே கோபுரத்துக்கு எதிரே புதைக்கப்பட்டன என்பது மரபு. கோயிலுக்கு எதிரே அவர்களின் சமாதி இருக்கிறது. கோயிலினுள்ளும் இருவரின் கற்சிலைகள் உண்டு. ஆண்டுதோறும் ஒக்டோபர் 27ஆந் திகதி அங்கே குருபூசை நடைபெறுகிறது. கும்பிட வருவோர் கோபுரத்தைப் பார்த்துக் கைகூப்பிவிட்டுத் திரும்பினாற் சமாதி தெரிகிறது. கோபுரத்தை நிமிர்ந்து பார்த்த கண்தான் அந்த மண்ணையும் குனிந்து பார்க்கிறது.

சங்க காலத்துக் கானப்பேரிலே தோற்றவனுக்கு இப்படி ஓர் இடம் இருக்கவில்லை. கோட்டைக்குச் சொந்தக்காரன் ஒருவன்தான். அவன் போனால் அடுத்தவன் வருவான், பாட்டும் அவன் பின்னே போகும். கோயில் அப்படியல்ல. கல்லை எடுத்துக் கொடுத்தவனும், விளக்குக்கு எண்ணெய் வார்த்தவனும், பதிகம் பாடியவனும் யாவரும் அதிலே உரித்துடையோர். கம்பனிப் படை காளையார்கோயிலைப் பிடித்தது. கோபுரத்தைப் பார்த்தபோதெல்லாம் மருது என்று சொன்ன வாயை அதனாற் பிடிக்க முடியவில்லை. அரசாங்க ஏடுகளிலே கலகக்காரர் என்று எழுதப்பட்டவர்கள் கோயில் வாசலிலே குருமாராகிவிட்டார்கள்.

யுத்த காலத்திலே கோயில் என்றால் என்ன என்பது இந்நாட்டுத் தமிழருக்கு விளக்கிச் சொல்லவேண்டிய விடயமல்ல. மண்டபத்திலே பாய் விரித்துப் படுத்த தலைமுறையினர் நாம். மூலத்தானத்துக்கு வெளியே பிள்ளைகளுக்குக் கஞ்சி காய்ச்சிய அம்மாமார் நம்மிடையே இருக்கிறார்கள். ஆகவே கோயிலைச் சிற்பத்துக்காகவும் பதிகத்துக்காகவும் மட்டும் பார்ப்பதோடு நிற்கலாகாது என்பது என் விண்ணப்பம். அதன் வாசலிலே யார் வந்து புகுந்தார்கள், யார் திரும்பிப் போகவில்லை, அவர்களின் பெயரை யார் இன்னும் சொல்கிறார்கள் என்று கேட்கவேண்டும். தமிழாசிரியரும் தம் மாணவரை அவ்வாறு கேட்கப் பழக்கவேண்டும்.

இரும்பு உண்ட தண்ணீர் மீளாது என்றார் ஐயூர் மூலங்கிழார். உண்மைதான். கானப்பேர் வேங்கைமார்பனுக்கு மீளவில்லை. மருதிருவருக்கும் மீளவில்லை. ஆனாற் கொல்லன் பட்டறையை அறிந்தவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். காய்ந்த இரும்பைத் தண்ணீரில் தோய்ப்பது அதற்கு உரமேற்றுவதற்காக. தண்ணீர் கண்ணுக்குத் தெரியாமற் போனாலும் இரும்பின் உறுதியிலே அது தன் வேலையைச் செய்திருக்கும். ஒரு சமூகம் தன் தோல்விகளை மறைக்காமலும், தோற்றவர்களை மறக்காமலும் இருக்குமானால், இழந்தவையும் அவ்வாறே அதற்கு உரமாகும். காளையார்கோயில் எனக்குச் சொன்னது இதுவே.